புதுசு இருக்கா?

“டீச்சர், நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாகணும். இன்னும் ஏன் சரின்னு சொல்ல மாட்டேங்கறீங்க?” என்று கேட்டார் வைரவன்.

பேங்க் வேலையை விட்டு, தலை நரைத்தபின் புரோகிராம் எழுதப் படிக்க வந்தவர் அவர். கற்பூர புத்தி, ஆனால் அவசரக்காரர். டீச்சர் மதிவதனிக்கு அவர் மகள் வயதுதான்.

அவர் எழுதியிருந்தது, பச்சைக் குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும் சாஃப்ட்வேர்.

“அப்டேட் எப்படிண்ணே?”

“இதுல விசேஷமே அதான்! தினமும் திறந்ததும் என் சர்வர் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு ‘புதுசு இருக்கா?’ன்னு கேக்கும். இருக்குன்னு பதில் வந்தா, தானே எடுத்துப் போட்டுக்கும். யாரும் கை வைக்க வேண்டாம்.”

மதிவதனி தன் லேப்டாப்பில் ஏதோ தட்டினாள்.

“இப்பத் திறந்து பாருங்க.”

திறந்தார். ‘புதிய பதிப்பு வந்துவிட்டது’ என்றது திரை. வைரவனுக்கு வாயெல்லாம் பல்.

பிறகுதான் உறைத்தது. புதிய பதிப்பு எதையும் அவர் சர்வரில் போடவே இல்லை.

மூன்று கிலோ குழந்தை என்று தட்டிப் பார்த்தார். வந்த அளவு ஒரு பயில்வானையே சாய்த்துவிடும்.

“ஐயையோ! யாரு பதில் சொன்னது?”

“நான்தான்.”

“நீங்க சர்வர் இல்லையே டீச்சர்!”

“இல்லதான். அது கேட்டுச்சு. நான் ‘இருக்கு’ன்னு சொல்லி, தப்பான ஒண்ணைக் கொடுத்தேன்.”

வைரவன், நாளை அந்தத் திரையைப் பார்த்து ஊசியில் மருந்து ஏற்றப்போகும் நர்ஸை நினைத்தார்.

“இப்ப நான் என்ன பண்றது?”

“வீட்டுக்குப் போங்கண்ணே.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளையின் உயிர் ஊசலாடுகிறது, இவள் வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஆனாலும் போனார். அடுத்த தெருதான். கதவைத் தட்டினார்.

“யாரு?” உள்ளேயிருந்து மனைவி சிகப்பி கேட்டாள்.

“நான்தான்.”

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்துவிட்டது. வைரவன் பதறிப்போனார்.

“நான்தான்னா உடனே திறந்துடுவியா? கண்டவனும் வந்து ‘நான்தான்’னு சொன்னா?”

சிகப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கண்டவனுக்கு நான் எதுக்குத் திறக்கறேன்? கல்யாணமான நாள்லேருந்து கேக்கற குரலு, எனக்குத் தெரியாதா?”

“குரல்! என் சாஃப்ட்வேர் யாரு குரலுன்னு பாக்கவே இல்லையே!” என்ற வைரவன், பாதி கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வந்த வழியே ஓடினார்.