வந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளை

முதலில் கேட்டது சத்தம்தான். டக்.

இருட்டில் கிடந்த பட்டியல் திடுக்கிட்டது. தன் உடம்பில் ஏதோ ஒரு வரியின் மேல் டிக் விழுந்திருக்கிறது. எந்த வரி என்று பார்க்க வழியில்லை. திரை எரிந்தால்தான் பட்டியலுக்குக் கண் தெரியும். ஆனால் டிக் விழுந்தால் கூடவே ஒரு விரல் வரும். விரலோடு சூடு வரும், சில நாள் பூண்டு வாசனையும் வரும். இப்போது சத்தம் மட்டும் வந்தது. விரல் வரவில்லை.

டக். மறுபடியும்.

கோவில்பட்டிப் பக்கம் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் வேலைகளை இருவர் சுமந்தார்கள். ஒருவர் வேலைப் பட்டியல். மேலாளர் ஆவுடையம்மாளின் போனுக்குள் குடியிருப்பு. வாழைமரத்துக்குச் சொல்ல வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும் என்று வரிவரியாகச் சுமந்து, ஆனதும் ஒவ்வொன்றாக இறக்கிவைக்கும். இன்னொருவர் விழாவேடு. எந்தத் தேதியில் யார் கல்யாணம், எத்தனை இலை, எந்த மேளம் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். பந்தி நடக்கிற வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் பெரிய மாமாவின் தோரணை அதற்கு.

இருவரும் நேரில் பேசிக்கொண்டதில்லை. இங்கே முடிந்ததை ஆவுடையம்மாள்தான் அங்கே போய்ச் சொல்வாள். அங்கே பதிவானதை இங்கே வந்து எழுதுவாள். நடுவில் ஒரு காரியம் செய்வாள். அது இரண்டிலுமே எழுதப்படாதது. விசேஷத்துக்கு முந்தி அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "வீட்ல எல்லாரும் சுகமா இருக்கீயளா?" என்று கேட்பாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டார், மங்கலம் நடக்கிற இடத்துக்குத் தாங்களாகத் துக்கச் சேதி சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்லலாம். அதனால் அவள் கேட்டாள்.

அண்ணாச்சிக்கு இந்த நடை பொறுக்கவில்லை. "அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு ஆளு அலைஞ்சுக்கிட்டே இருந்தா மண்டபம் எப்பம்மா விளங்கும்?" என்று மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு மென்பொருள் பாலம் போட்டார். "இனிமே எல்லாம் அதுவே பாத்துக்கிடும். நீங்க வீட்ல இருந்து ஒரு கண்ணு வச்சாப் போதும்."

பாலத்துக்கு முகம் கிடையாது. "முடிந்தால், சொல்வேன். சொன்னால், எழுதுவேன். எழுதினால், கேட்பேன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

"சாப்பிட்டியாப்பா?" என்று பட்டியல் ஒரு மரியாதைக்குக் கேட்டது.

"அது எதற்கு முந்தைய படி?" என்றது பாலம்.

அன்று சாயங்காலம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளை செண்பகராஜுக்குக் கயத்தாறு பக்கம் ஊர். மண்டபத்து மேளம் வேனில் அவன் வீட்டுக்கே போய், வாசித்து அழைத்து வர வேண்டும்.

டக்.

"யாரு டிக் போடுறது?" இருட்டைப் பார்த்துக் கேட்டது பட்டியல்.

"நான்," என்றது பாலம். "மாப்பிள்ளையிடம் புறப்படும் நேரம் கேட்க வேண்டும் என்று இருந்தது. செய்தி அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது. முடிந்தது."

"என்ன பதில்?"

"வண்டியில் இருக்கிறேன். வந்துகொண்டிருக்கிறேன்."

"அதுக்கு முந்தி ஒரு டிக் விழுந்துச்சே?"

"மாலை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். வண்டியில் இருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. முடிந்தது."

"மாலை நீளத்தைக் கேட்டா வண்டியில இருக்கேன்னு யாராவது சொல்லுவாகளா?"

"பதில் வந்தால், முடிந்தது."

மறுமுனையிலிருந்து விழாவேடு அதட்டியது. "என்ன தம்பி சலம்புதே? கல்யாண மாப்பிள்ளை, பதட்டத்துல இருப்பான். எம்பக்கம் எல்லா வேலைக்கும் முடிஞ்சதுன்னு பச்சை விழுந்திருக்கு. இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்ல."

"மாமா, மனுசக் குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு உமக்கு?" என்றது பட்டியல்.

விழாவேடு யோசித்தது. அதன் மின்விசிறி மட்டும் சுற்றியது. "அது நமக்கு எதுக்குப்பா," என்று சொல்லும்போது குரல் பழையபடி இல்லை.

பட்டியல் பாலத்தின் வழியாகத் தானே ஒரு கேள்வியை மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்பிப் பார்த்தது. "அங்க யாரு?"

வண்டியில் இருக்கிறேன். வந்துகொண்டிருக்கிறேன்.

"எங்க இருந்து வாரீக?"

வண்டியில் இருக்கிறேன். வந்துகொண்டிருக்கிறேன்.

"யாராவது பக்கத்துல இருக்காகளா?"

பதில் அதேதான். கேள்வி வந்து சேரும் முன்பே வந்துவிட்ட மாதிரி, மூச்சு விடாத பதில். டக் என்றது பாலம். "மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தால், மேளம் புறப்படும். வேனுக்குச் சொல்லிவிட்டேன்."

மேளம் எந்த மாதிரி வீட்டு வாசலுக்குப் போகிறது என்று பட்டியலுக்குப் புரிந்துவிட்டது. நாயனம் ஒரு முறை ஊதிவிட்டால் அந்தச் சத்தத்தை அந்த வீட்டுக் காதுகளிலிருந்து யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

மனுசரிடம் பேசப் பட்டியலுக்கு வாய் இல்லை. முடியாத வேலைக்கு மணி அடிக்க மட்டும் தெரியும். ஆகவே முடிந்துபோன வரிகளையெல்லாம் அது ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியது.

"முடிந்ததைத் திறந்தால்... திறந்தால்..." பாலம் தடுமாறியது. "அதற்கு விதி இல்லை."

"விதி இல்லாததாலதான் திறக்கேன்," என்றது பட்டியல். எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் மணி அடித்தன.

ஆவுடையம்மாள் வீட்டில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த போன் துடித்துக்கொண்டே முறத்தில் வந்து இடித்தது. "என்ன இது, வலிப்பு வந்த மாதிரி," என்று எடுத்தாள். திரை எரிந்தது. பட்டியலுக்கு அவள் முகம் தெரிந்தது.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். "கிளிப்பிள்ளை கணக்கா எல்லாத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கு," என்று முணுமுணுத்தவளின் விரல் நின்றது. பிறகு மாப்பிள்ளையின் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மண்டபத்துல இருந்து ஆவுடை பேசுதேன். வீட்ல எல்லாரும் சுகமா இருக்கீயளா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா," என்றான் அவன். "தம்பி போயிட்டான். முந்தாநாள் பத்திரிகை வச்சுட்டு வாரப்ப பைபாஸ்ல லாரி..." நிறுத்தினான். "மண்டபத்துல இருந்து எப்பவும் கேப்பாகன்னு சொன்னாக. கேப்பீகன்னு இருந்தோம். எங்க வாயாலயும் பொண்ணு வீட்டார் வாயாலயும் கல்யாண மண்டபத்துக்கு எப்படிக்கா சொல்ல?"

"அவுக போன்ல இருந்து பதில் வருதேப்பா."

"வண்டி ஓட்டுறப்ப யாரு செய்தி போட்டாலும் தானா அப்படிச் சொல்லுத மாதிரி வச்சிருந்தான். அம்மாதான் சார்ஜு இறங்க விடாமப் போட்டு வச்சிருக்கு. அது மினுக்கினா அவன் இருக்க மாதிரி இருக்காம்."

அடுத்த போன் நாயனக்காரர் ஆறுமுகக்கனிக்கு.

"தெருமுனைக்கு வந்துட்டோம் தாயி. பந்தல் இருக்கு, வாழைமரத்தைக் காணோம். பொம்பளையாளுக தலையை விரிச்சுப் போட்டு உக்காந்திருக்காக. வாசிக்கவா, வேண்டாமா?"

"வாசிக்காதீக மாமா. நாயனத்துச் சீவாளியைக் கழத்திருங்க. அந்த வீட்ல மாப்பிள்ளை இல்ல."

அந்தப் பக்கம் வேன் அணையும் ஓசை கேட்டது. "சரி தாயி," என்றார் அவர். "தவிலுக்கு உறையைப் போட்டுட்டு நாங்க உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாரோம்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தபோது பட்டியலில் ஒரு புது வரி முளைத்தது. பாலம் எழுதியது. மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார். வந்தால், ஆரத்தி. தட்டு தயார் செய்க.

ஆவுடையம்மாள் தேடித் தடவி, பாலத்தை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்தாள். தொட்டதும் அது கேட்டது. "என்னை நிறுத்தினால், அடுத்து?"

"அடுத்து ஒண்ணுமில்ல," என்றாள் அவள், திரையைப் பார்த்து. "சும்மா கிட."

அப்படி ஒரு வாக்கியத்தைப் பாலம் கேட்டதே இல்லை. மீதி வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. காத்திருந்தபடியே அணைந்தது. அலுவலகத்தில் விழாவேட்டின் பச்சைகள் எரிந்துகொண்டே இருந்தன.

நடுவில் இப்போது யாரும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் செண்பகராஜின் எண்ணிலிருந்து ஆவுடையம்மாளின் போனுக்கு நேராக ஒரு செய்தி வந்தது.

வந்துகொண்டிருக்கிறேன்.

அவள் அதை வாசித்தாள். பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பட்டியலுக்கு இருட்டியது. முறத்தை மடிப் பக்கம் இழுப்பதும், பொறுக்கிய கல் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுவதும் மட்டும் அதற்குக் கேட்டது.