பாயசமும் அதிரசமும்

மருதங்கோட்டை அரண்மனையின் தலைமைச் சமையல்காரர் விருத்தகிரி. புதிதாக வேலைக்கு வந்த செங்கமலத்தின் அதிரசத்தை எல்லோரும் புகழப் புகழ, அவருக்குத் தூக்கமே போயிற்று.

ஒருநாள் ராஜா நூறு பேருக்கு விருந்து வைத்தார். எண்பது பேர் விருத்தகிரியின் பாயசத்தைக் குடித்தார்கள், எழுபது பேர் செங்கமலத்தின் அதிரசத்தைத் தின்றார்கள் என்று பரிமாறியவர்கள் வந்து சொன்னார்கள். அந்த எழுபதை விருத்தகிரியால் பொறுக்க முடியவில்லை.

“மகாராஜா, என் பாயசத்தைக் குடித்தவர் ஒருவர்கூட அவள் அதிரசத்தைத் தொடவில்லை. ருசி தெரியாதவர்கள்தான் தின்றார்கள். அவளை அனுப்பிவிடுங்கள்” என்றார்.

ராஜா செங்கமலத்தைப் பார்த்தார்.

“ஐயாவின் பாயசத்தைக் குடிக்காதவர்கள் இருபது பேர்தான், மகாராஜா. அந்த இருபது பேருமே என் அதிரசத்தைத் தின்றிருந்தாலும், மீதி ஐம்பது பேர் பாயசமும் குடித்தவர்கள்தானே?”

“அதற்கு மேலும் இருக்குமோ?”

“எழுபது வரை இருக்கலாம். அதிரசம் தின்றவர்களே அவ்வளவுதானே!”

சபை சிரித்தது. “இவள் எங்கும் போக வேண்டாம்” என்ற ராஜா, விருத்தகிரி பக்கம் திரும்பினார். “நீரும் தின்று பார்த்தீரா?”

“பார்த்தேன், மகாராஜா.”

“எப்படி இருந்தது?”

விருத்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். “நன்றாக இருந்ததால்தானே எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல்!”