நாலு பொந்தும் நூறு வவுச்சரும்

புங்கங்காட்டில் ஊசியம்மாள் என்ற முள்ளம்பன்றி தங்கும் விடுதி நடத்தி வந்தது. விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மண்மேடு, அதில் நாலு பொந்து, மேலே ஒரு புல் கூரை. ஒரு நாள் தங்க ஒரு கட்டுக் கோரைப்புல் வாடகை. முதலாளியம்மா திரும்பும்போது விருந்தாளிகள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் குறை.

போன மழையில் கூரை சரிந்துவிட்டது. இந்த மழைக்குள் நூறு கட்டுப் புல் போட்டு வேயாவிட்டால் மண்மேடே கரைந்துவிடும். அப்புறம் விடுதியும் போச்சு, ஊசியம்மாள் குடியிருக்கும் மூலையும் போச்சு.

ஆனால் வெயில் காலத்தில் எவன் பொந்துக்கு வருவான்? எல்லாரும் மர நிழலில் ஓசியில் படுத்துக் கிடந்தார்கள். செவியன் என்ற முயல் மட்டும் வாரம் தவறாமல் ஒரு கட்டோடு வந்து தங்கிப் போனது. ஊசியம்மாளுக்குக் கவலையில் தூக்கம் போயிற்று. ஏற்கெனவே மல்லாந்து படுக்க முடியாத பிறவி, இப்போது ஒருக்களித்தும் படுக்க முடியவில்லை.

தாவப்பன் என்ற குரங்கு யோசனை சொன்னது. “கூப்பன் போடுங்க அக்கா. ஒரு இலையில உங்க முள்ளால ஒரு ஓட்டை. அதைக் கொண்டு வந்தா பாதி வாடகை. காடே திரண்டு வரும்.”

“நீ வருவியா?”

“நான் எதுக்கு? எனக்குத்தான் மரம் இருக்கே!”

அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஊசியம்மாள் ஆகவில்லை. இருநூறு இலையில் ஓட்டை போட்டுக் காடெங்கும் இறைத்தது. மான்கள் கூப்பனை மேய்ந்துவிட்டு உப்பு இல்லை என்றன. விடுதிக்கு வந்தது செவியன் மட்டும்தான். அதுவும் வாய் நிறைய நாற்பது கூப்பனோடு வந்தது.

“ஆளுக்கு எத்தனைன்னு நீங்க சொல்லலையே அக்கா” என்று அரைக்கட்டை வைத்துவிட்டு உள்ளே போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வந்துகொண்டிருந்த ஒரு கட்டும் பாதியாகிவிட்டது.

ஊசியம்மாள் குளத்தங்கரைக்குப் போய் நிதானம் என்ற ஆமையிடம் அழுதது. ஆமை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கூப்பனை விடு, வவுச்சர் போடு” என்றது.

“அது என்ன மாமா?”

“கட்டை இப்பவே வாங்கிக்க. பதிலுக்கு ஓர் இலை கொடு. மழை வந்ததும் அந்த இலையோட வந்து தங்கட்டும்.”

“நீங்க எந்த விடுதியிலயும் தங்கினதே இல்லையே. வீட்டை முதுகுல சுமந்துட்டுத் திரியறீங்க.”

“அதனாலதான் ஓரவஞ்சனை இல்லாம சொல்றேன்” என்றது ஆமை. பிறகு மூச்சு வாங்கியது. ஆமை மூச்சு வாங்குவது லேசான வேலை இல்லை. அது மறுபடி வாயைத் திறந்து “ஆனா…” என்றபோது ஊசியம்மாள் மேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க ஆமை பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது.

இரண்டு ஓட்டை போட்டால் வவுச்சர். மழை என்ற பேரைக் கேட்டதும் எல்லாரும் ஓடி வந்தார்கள், ஊசியம்மாள் விற்றுத் தள்ளியது. கீரி வாங்கியது, நரி வாங்கியது, மயில் குடும்பம் ஏழு வாங்கியது. கடைசியில் கருமலை என்ற யானையும் ஒரு கட்டோடு வந்து நின்றது.

“யானையண்ணே, பொந்து உங்களுக்குப் பத்தாதே.”

“அப்ப பார்த்துக்கலாம் தாயீ. மழைன்னா எனக்குத் தும்மல் வரும்.”

ஊசியம்மாள் கூரையைப் பார்த்தது. தொண்ணூற்றொன்பது கட்டு வேய்ந்தாயிற்று, ஒரே ஒரு கட்டுதான் குறை. வாயை மூடிக்கொண்டு இலையில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தது.

அப்படி ஒரு கூரை அந்தக் காட்டிலேயே கிடையாது. அதைப் பார்ப்பதற்கென்றே ஊசியம்மாள் நாளைக்கு நாலு தடவை வெளியே வந்தது.

ஒரு நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் வரிசை. எல்லார் வாயிலும் இரண்டு ஓட்டை போட்ட இலை.

“இன்னிக்கு நாலு பேர், நாளைக்கு நாலு பேர்” என்று ஊசியம்மாள் கெஞ்சியது.

“மழை இன்னிக்குத்தானே பெய்யுது?” என்றது நரி.

“உள்ள வர முடியாதுன்னு எனக்கே தெரியும்” என்றது கருமலை. “துதிக்கையாவது நனையாம இருக்கட்டும்.” முதல் பொந்தில் துதிக்கையை நுழைத்தது. அந்தப் பொந்துக்குள் முன்னதாகவே புகுந்திருந்த கீரி அடுத்த பொந்து வழியாகப் பிதுங்கி வெளியே வந்து விழுந்தது.

கீரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இடம் இல்லேன்னா என் கட்டைக் கொடு!” என்று கூரையில் ஏறித் தன் கட்டை உருவியது. அடுத்து நரி ஏறித் தன் கட்டை மோந்து பார்த்து எடுத்தது. அப்புறம் கேட்பானேன்? ஆளாளுக்கு உருவிக்கொண்டு போனார்கள். கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மண்மேடு பாயசமாகி ஓடியது.

“ஐயோ, என் கூரை!” என்று ஊசியம்மாள் சேற்றில் உட்கார்ந்து அழுதது.

“உங்க கூரை எங்கே அக்கா இருந்தது?” என்றது செவியன். “தங்க வைக்கிற வரைக்கும் அது அவங்க புல்தானே.”

அந்த நேரத்தில் ஆமை வந்து சேர்ந்தது. “…ஆனா, நாள் குறிச்சுக் கொடு. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல விக்காதே” என்று முடித்துவிட்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கருமலைக்கு மனசு கேட்கவில்லை. “அழாதே தாயீ, என் வயித்துக்குக் கீழ வந்து நில்லு. ஒரு நாளைக்கு ஒரு கட்டு.”

“என்கிட்ட ஒரு கட்டும் இல்லையே அண்ணே.”

செவியன் ஓர் இலையை நீட்டியது. “இந்தாங்க அக்கா, பாதி வாடகைக் கூப்பன். என்கிட்ட நிறைய மிச்சம் இருக்கு.”

ஒற்றை ஓட்டையை உற்றுப் பார்த்த கருமலை, செல்லும் என்று சொல்லி இலையை மென்று விழுங்கியது. மீதி அரைக்கட்டுக்கு யானையின் வயிற்றைச் சொறிந்துவிடுவதாக ஊசியம்மாள் ஒப்புக்கொண்டது. அதற்குத் தேவையானது அதன் முதுகிலேயே இருந்தது. மழைக்காலம் முடியும் வரை அதுவே அதன் பிழைப்பாயிற்று.

நீதி: இருக்கும் இடத்தை எண்ணிப் பார்க்காமல் கொடுத்த வாக்கு, கொடுத்தவர் தலைக்கு மேலிருக்கும் கூரையையே உருவிக்கொண்டு போகும்.