நாய் ஏன் கயிற்றைக் கடிக்கிறது

அந்தக் காலத்தில் நாய்க்குக் கயிறு கிடையாது. மனுஷரோடு மனுஷராகப் பேசிக்கொண்டு கூடவே நடந்து வரும். வரப் பிடிக்காவிட்டால் “நான் வரலை” என்று சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்போது ஒரு மலையடிவாரத்தில் சடைச்சி என்பவள் தன் புருஷன் பெரியாண்டியோடு ஆடு மேய்த்துவந்தாள். அவர்களிடம் கரிச்சான் என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்நாயிடம் கேட்டுக் குட்டியாக வாங்கிவந்து வளர்த்தவள் சடைச்சிதான். “நான் கூப்பிட்டா அனுப்பி வச்சிடணும்” என்று மட்டும் தாய்நாய் கேட்டது. சடைச்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஒரு பங்குனி மாதம் காகம் ஒன்று செய்தி கொண்டுவந்தது. தாய்நாய் படுத்த படுக்கையாகிவிட்டது, மகனைப் பார்க்க வேண்டும் என்கிறது.

“அக்கா, போயிட்டு நாலு நாள்ல வந்திடுறேன்” என்றது கரிச்சான்.

சடைச்சி பட்டிப் பக்கம் பார்த்தாள். ஆடுகள் குட்டி போடும் சமயம். போன வருஷம் கரிச்சான் சின்னதாக இருந்தபோது, இதே சமயத்தில்தான் ஓநாய் பதினொரு குட்டிகளைக் கொண்டுபோனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவளுக்கு இருந்தது. தாயைப் பார்த்தவன் திரும்பி வராமலே இருந்துவிட்டால்?

“ஆடெல்லாம் குட்டி போட்டு முடிக்கட்டும்டா. அப்புறம் போ.”

“அம்மா அதுவரைக்கும் இருக்க மாட்டா அக்கா.”

“சரி, கஞ்சியைக் குடிச்சிட்டு வெயில் தாழப் போ.”

கரிச்சான் கஞ்சியைக் குடித்துவிட்டு வேலமரத்தடியில் கண்ணயர்ந்தது. சடைச்சி ஆடு கட்டும் புளிச்சைநார்க் கயிற்றை எடுத்துவந்தாள். சத்தமில்லாமல் அதன் கழுத்தில் சுற்றி முடிந்து, மறுமுனையை மரத்தில் கட்டினாள்.

விழித்துக்கொண்ட நாய், தூக்கத்தில் எப்படியோ சிக்கிக்கொண்டோம் என்றே நினைத்தது.

“அக்கா, கழுத்துல ஏதோ சுத்தியிருக்கு. எடுத்து விடேன்.”

சடைச்சி திரும்பிப் பார்க்காமல் பால் கறந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கரிச்சானுக்கு விளங்கியது.

பெரியாண்டி வந்து பார்த்துத் திகைத்துப் போனான். “என்னடி இது, ஆட்டுக் கயித்துல நாயைக் கட்டியிருக்க?”

“நாலு நாளைக்குத்தான்.”

அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஓநாய்ப் பயம் அவனுக்கும் இருந்தது.

கரிச்சான் கயிற்றைக் கடிக்கத் தொடங்கியது. ஒன்றை அறுத்தால் சடைச்சி அதைவிடத் தடியான இன்னொன்றைக் கட்டினாள். ஈறு கிழிந்து நாரெல்லாம் ரத்தமானது. “சத்தியம் பண்ணினியே அக்கா” என்று அது சொன்னபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் காகம் மறுபடி வந்து வேலமரத்தில் உட்கார்ந்தது.

“முடிஞ்சுபோச்சு கரிச்சான். கடைசிவரைக்கும் பாதையையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. அந்தப் பொம்பளை சத்தியம் பண்ணினாளேன்னு கேட்டுக்கிட்டே போனா.”

சடைச்சி ஓடிவந்தாள். இறுகிப்போன முடிச்சு அவிழ நேரமானது. “போடா, போய் முகத்தையாவது பார்த்திட்டு வா.”

“இனிமே போய் யாரைப் பார்க்க?” என்றது கரிச்சான். அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். காகம் ஊர் ஊராகப் போய் நடந்ததைச் சொல்ல, மற்ற நாய்களும் ஒவ்வொன்றாக மனுஷரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டன.

அந்த மூன்று நாளும் ஓநாய் அந்தப் பக்கமே வரவில்லை.

கரிச்சான் எங்கும் போகவில்லை. ஆனால் வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாத நாயை எப்படி நம்பிக் கூட்டிப்போவது? சடைச்சி வெளியே கிளம்பும்போதெல்லாம் கயிற்றை எடுத்தாள். ஒரு தடவை கட்டிய கைக்கு மறுதடவை கட்டுவது கஷ்டமாக இல்லை. கயிற்றைக் கண்டதும் கரிச்சான் பாய்ந்து கவ்வியது. அவள் வெடுக்கென்று பிடுங்கினால் இன்னும் இறுக்கிக் கடித்தது. அடித்தும் பார்த்தாள். அடித்ததற்கு அன்று முழுக்க அவள்தான் அழுதாள்.

கடிக்கிற வாய்க்கு வேறு எதையாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எலும்பைக் கொடுத்தாள். வெறியோடு கடித்ததில் பல் சில்லு தெறித்தது. கந்தல் துணியோ ஒரே இழுப்பில் கிழிந்து பாதி தொண்டைக்குள் போய்விட, விரலை விட்டு எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது. பழைய கயிற்றுத் துண்டைக் கொடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. கடிக்கலாம் என்று கொடுத்த கயிறு எது, கட்டுகிற கயிறு எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்?

கடைசியில் பழைய கம்பளியைக் கிழித்து, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். கரிச்சான் கயிற்றைக் கடிக்கத் தலையைத் திருப்பியபோது கயிற்றை இழுக்காமல் தளரவிட்டு, கம்பளியைத் தரையில் நெளியவிட்டாள். நாய் அதைக் கவ்வியது. அவள் இழுத்தாள், அதுவும் இழுத்தது. கயிறு காலடியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

அதன் தொண்டையிலிருந்து உர்ரென்று சத்தம் வந்தது.

“திட்டுறதுன்னா வாயைத் திறந்து திட்டுடா” என்றாள் சடைச்சி.

வாயைத் திறந்தால் கம்பளியை விட வேண்டும். கரிச்சான் விடவில்லை.

தூரத்திலிருந்து பார்த்த பெரியாண்டி சிரித்தான். “பாரேன், பழையபடி விளையாட ஆரம்பிச்சிட்டான்!”

சடைச்சி தன் கையிலிருந்த முனையை விட்டுவிட்டாள். கரிச்சான் அதைக் கவ்விக்கொண்டு ஓடவில்லை. திரும்பி வந்து மறுமுனையை அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி இழுத்தது. தோள் கடுத்து ஓயும்வரை அவளும் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

நாய் கயிற்றைக் கண்டால் கடிக்க வருவதும், அதன் வாயில் வேறொன்றைக் கொடுத்து மனுஷர் எதிரே நின்று இழுப்பதும் அன்று முதல்தான். விளையாட்டு என்று மனுஷர் சொல்கிறார்கள். நாய் இதுவரை எதுவும் சொல்லவில்லை.