நாற்பது ஊர் ஏடும் மானிய மந்திரியும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் எல்லா நாட்டுக்காரர்களும் தங்களைத்தான் என்று கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், அதிவீரகேசரி என்றொரு ராஜா இருந்தார். அவருடைய பெருமையெல்லாம் சங்கிலி ஏடுதான். ஓர் ஓலையின் கடைசி வரியில்தான் அடுத்த ஓலை தொடங்கும், அந்தாதிப் பாட்டு மாதிரி. நாற்பது ஊரில் நாற்பது பிரதி. ஓர் ஊரில் எவனாவது ஓர் எழுத்தைச் சுரண்டினாலும் மற்ற முப்பத்தொன்பதும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏடு இருந்தது, அதைத் தொடத்தான் ஆளில்லை. ஆகவே, ஏட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, ஊருக்கு ஒரு வேலை செய்து அதில் பதியும் குடிகளுக்குப் பொன் மானியம் என்று ராஜா அறிவித்தார். பங்கிடும் பொறுப்பு மானிய மந்திரி செம்பியதரையருக்கும் அவருடைய குழுவுக்கும். 'வேலை முடிந்தது' என்று ஏட்டில் ஒரு வரி எழுதினால் போதும், பொன் வீடு தேடி வரும். அதிகம் எழுதியவர்கள் மந்திரியின் மைத்துனர்கள்.

மூன்றாம் வருஷம் ராஜாவுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. "திட்டத்தைச் சீர்படுத்த வேண்டும். யார் செய்வது?"

ராஜாவைச் சிரிக்கவைத்தே சம்பளம் வாங்கும் சாத்தையன்மேல் மந்திரிக்கு நெடுநாள் எரிச்சல். "நம் சாத்தையனை விட்டால் யார், மகாராஜா? பத்து நாள் போதும். குழுவை மாற்றக் கூடாது, மானியம் கேட்டு வந்த ஒரு மனுவையும் தள்ளக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா தலையாட்டினார். சாத்தையனும் தலையாட்டினான்.

முதல் நாள் ஏட்டில் ஏதோ எழுதினான். மிச்ச ஒன்பது நாளும் மோர் குடித்தான், தூங்கினான். ஒற்றர்கள் வந்து சொல்லச் சொல்ல மந்திரிக்கு ஒரு சுற்று உடம்பு கூடியது. சாத்தையன் வீட்டில் எந்த மைத்துனரைக் குடிவைப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

பத்தாம் நாள் சபை கூடியது.

"முதல் நாளே முடிந்தது, மகாராஜா. ஏட்டைப் பாருங்கள்" என்றான் சாத்தையன்.

'மானியத் திட்டம் மிகச் சிறப்பாகச் சீர்படுத்தப்பட்டது.' அவ்வளவுதான். நாற்பது ஊரிலும் அதே வரி, எழுத்துப் பிசகாமல்.

மந்திரி துள்ளி எழுந்தார். "இது என்ன கூத்து? ஓலையில் எழுதிவிட்டால் வேலை நடந்ததாகிவிடுமா?"

"நாற்பது ஊர் சாட்சி இருக்கிறதே, மந்திரியாரே."

"நீர் எழுதினீர் என்பதற்குத்தானய்யா அது சாட்சி. செய்தீர் என்பதற்கா? நேரில் போய்ப் பார்க்காமல் எந்த மடையன் நம்புவான்?"

மூன்று வருஷமாக நம்பியவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா, இந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளாக யாரும் சபையில் சொல்லவில்லை" என்றான் சாத்தையன். "மந்திரியார் புண்ணியத்தில் இப்போது சீர்பட்டுவிட்டது. நேரில் பார்த்த பிறகே பொன். குழுவும் அதேதான், மனுக்களும் அப்படியே."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "உம் மைத்துனர் கட்டிய படகுத்துறையைப் பார்த்துவரலாம், வாரும்."

"இந்த வெயிலிலா, மகாராஜா? ஏட்டிலேயே பார்த்துவிடலாமே. அதில்தான் அது நன்றாக இருக்கும்" என்று குறுக்கிட்டான் சாத்தையன்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். மந்திரிக்கும் ஒரு கௌரவம் கிடைத்தது: நாற்பது ஊருக்கும் நேரில் போய்ப் பார்த்துவரும் உத்தியோகம். குதிரை லாயத்துக்கும் போன வருஷம் மானியம் கொடுத்திருந்தார். குதிரைகள் ஏட்டில் இருந்தன. ஆகையால் நடந்தே புறப்பட்டார்.