மாடிச் சபையின் சாவி

"நான் காய்ச்சல்ல படுத்தேன். சபையும் கூடவே படுத்துடுச்சுக்கா."

சொல்லிவிட்டு சற்குணம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாத்திரக்கடை முதலாளி அவர். ஐம்பது தாண்டித்தான் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்தார். கடைவீதியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துப் புதுச் சபை தொடங்கியிருந்தார். கதவைத் திறப்பது, பாய் விரிப்பது, பாட்டு, பிரசங்கம், கடைசியில் பூட்டுவது, எல்லாம் அவரேதான். கைதட்டுவதை மட்டும் சபைக்கு விட்டுவைத்திருந்தார்.

எதிரே நவமணி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊர் ஊராகச் சபை தொடங்கி, ஒவ்வொன்றும் காலூன்றியதும் அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனவர்.

"பூட்டுன கதவைப் பாத்துட்டு எல்லாரும் திரும்பிப் போயிருக்காங்க. பாதிப் பேர் அப்புறம் வரவே இல்ல. நாளைக்கு நான் செத்தா சபையும் செத்துடும். அந்தப் பயத்துல தூக்கமே வரலக்கா."

"உங்க கடை எத்தனை?"

"மூணு."

"காய்ச்சல்ல அதையும் பூட்டினீங்களா?"

"அதை ஏன் பூட்டணும்? ஒவ்வொண்ணுக்கும் ஆள் போட்டுச் சாவியக் குடுத்தாச்சு. அது பாட்டுக்கு ஓடுது."

"சபைச் சாவி?"

சற்குணத்தின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அதை எப்படிக்கா குடுக்கிறது? கடை என்னோடது, போனாப் போகட்டும். இது ஆண்டவரோட சபையாச்சே!"

"அப்ப அது ஏன் உங்க பையில இருக்கு?"

சற்குணம் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா கீரையைத் தள்ளிவைத்தார்.

"உங்களுக்கு முன்னாடியே வந்து படியில காத்து நிக்கிறது யாரு?"

"தையல்கார ரெபேக்காள். ஆனா அவங்களுக்கு நாலு பேர் முன்னால பேச வராதே."

"பேச வேண்டாம். கதவைத் திறக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் நீங்க அந்தத் தெருப் பக்கம் போகாதீங்க."

ரெபேக்காளிடம் சாவியைக் கொடுத்த அன்றைக்கு சற்குணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

மழைக்காலம் முடிந்தபிறகுதான் அக்கா போகச் சொன்னார்.

படியேறும்போதே பாட்டு கேட்டது. ராகம் தப்பு. தாளம் அதைவிடத் தப்பு. ஆனால் படியில் செருப்பு விட இடமில்லை.

வாசலில் காக்கிச் சட்டையோடு ஓர் ஆட்டோக்காரர் நின்றார். சற்குணம் அவரைப் பார்த்ததே இல்லை.

"வாங்கண்ணே. நம்ம சபைக்குப் புதுசா?"

சுருக்கென்றது. நான் யார் தெரியுமா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தார். ரெபேக்காள் இன்னொரு பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி," என்றார் சற்குணம். "புதுசுதான்."