காய்ந்த கல்லுக்கு ஒரு கைதட்டல்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டா போடுகிற இசக்கிராஜுக்கு நாற்பத்துமூன்று வயது. அவருக்கு இரும்புக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்த ஃப்ளாரன்ஸ் டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. இசக்கிராஜ் அவரை டீச்சர் என்று கூப்பிடுவார். டீச்சரோ, ஊரே கூப்பிடுகிற மாதிரி, அவரை மாஸ்டர் என்பார். இதில் குரு யார், சிஷ்யன் யார் என்று புதிதாகப் பார்க்கிறவன் குழம்பத்தான் செய்வான். அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

இசக்கிராஜின் கையைப் பற்றிக் கோவில்பட்டிக்கே ஒரு பெருமை. மாவை வீசி அவர் விரிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே சிலர் இன்னொரு பரோட்டா சொல்வார்கள். பதினாறு பவுண்டு இரும்புக் குண்டை எறிவதும் அதே கைதான். அவருக்கும் பெருமை இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் ஊருக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. மூத்தோர் தடகளத்தில் மாநில அளவில் முதலாவதாக வந்தால் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். மார்பில் தமிழ்நாடு என்று எழுதிய பனியன் கொடுப்பார்கள். டீச்சர் கல்லூரியில் படித்த காலத்தில் அப்படி ஒன்று வாங்கியிருந்தார். சாயம் மங்கிப்போன அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்கும் மைதானத்துக்கு வருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இசக்கிராஜ் குனிந்து தன் வெறும் பனியனைப் பார்த்துக்கொள்வார்.

இரண்டு வருஷமாக அது கைக்கு எட்டவில்லை. இரண்டு வருஷமும் ஒரே கூத்து. போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள விடுகிற பக்கத்து மைதானத்தில் அவர் எறிவதைப் பார்த்து மற்றவர்கள் வாயடைத்துப்போவார்கள். "தங்கம் இவருக்குத்தான்" என்று கை தட்டுவார்கள். இவரும் சும்மா இருக்க மாட்டார். இன்னொன்று, இன்னொன்று என்று எறிவார். அப்புறம் வட்டத்துக்குள் போய் நின்றால் கை வரவே வராது. சிவகாசித் தெய்வேந்திரன் சிரித்துக்கொண்டே பனியனை வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷப் போட்டியும் நெருங்கிவிட்டது. மணிக்கட்டு இப்போதெல்லாம் காலையில் முனக ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி இல்லை என்று இசக்கிராஜுக்கே தெரிந்தது.

"டீச்சர், பக்கத்து மைதானத்துல எறியறது வட்டத்துக்குள்ள ஏன் வர மாட்டேங்கு? நடுவுல எங்கதான் போகுது?"

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டார்.

"சாயங்காலம் கடைக்கு வாரேன்."

"வாங்க வாங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

"நல்ல பசியோட வாரேன் மாஸ்டர்."

சொன்னபடி வந்தார். கடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. டீச்சர் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். இசக்கிராஜ் அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கல்லில் தண்ணீரைத் தெளித்தார். அது சோம்பலாகக் கிடந்து மெதுவாக வற்றியது. இன்னும் கொஞ்சம் பொறுத்துத் தெளித்தார். இந்தத் தடவை சொய்யென்று துள்ளிக்கொண்டு ஓடியது.

அவ்வளவுதான். டீச்சர் எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்துவிட்டார். லேசாகத் தட்டினாலும் பரவாயில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரித் தட்டினார்.

"அடடா, கல்லு காஞ்சிட்டு! என்னா சூடு, என்னா சூடு!"

"ஐயையோ, எதுக்கு டீச்சர் கை தட்டுதீங்க? எல்லாரும் பாக்காங்க. இன்னும் ஒரு பரோட்டா கூட விழலையே!"

"விழலையா?"

"கல்லுதான காஞ்சிருக்கு!"

"ஓகோ" என்று டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சாப்பிடலையா?"

"அதான் கை தட்டிட்டேன்லா. வாரேன் மாஸ்டர்."

பசியோடு வந்தவர் பசியோடேயே போய்விட்டார். இசக்கிராஜ் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் வருகிறவரைக்கும் கல்லை அப்படித்தான் வைத்திருப்பார். அணைத்தால் ஆறிப்போகும், எரியவிட்டால் முதல் ஈடு கருகிப்போகும். அதெல்லாம் கைப்பழக்கம். டீச்சருக்குத் தன்மேல் என்ன கோபம் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

போட்டி மதுரையில். பக்கத்து மைதானத்தில் இசக்கிராஜ் மெதுவாக ஓடினார், குனிந்து நிமிர்ந்தார், தோளைச் சுழற்றினார். நெற்றியில் வேர்வை அரும்பியதும் குண்டைக் கையில் எடுத்தார். டீச்சர் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் தரையில் ஒரு கைக்குட்டையை விரித்தார்.

"குண்டு இதத் தாண்டக் கூடாது."

"டீச்சர், இவ்வளவு தூரம் எங்க வீட்டுக்காரியே எறிஞ்சிருவா!"

"எறியட்டும். நல்லா எறியச் சொல்லுங்க."

இசக்கிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தார். கால் சரியாகத் திரும்பியது, இடுப்பு சரியாக வந்தது, குண்டு மட்டும் கைக்குட்டைக்கு இந்தப் பக்கமே விழுந்தது. அந்த ஓரத்தில் தெய்வேந்திரன் எறிந்த குண்டு எங்கேயோ போய் விழ, கைதட்டல் வானத்தைப் பிளந்தது. தெய்வேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு விரதமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கிராஜுக்குக் காது சுட்டது.

"ஒண்ணே ஒண்ணு, டீச்சர். இவரு வாய அடைக்கிறதுக்காவது."

டீச்சர் குண்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். பைக்குள்ளிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். மதுரை வெயிலில் ஸ்வெட்டர்! பார்த்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சிரிக்கக் கிடைத்தது.

பெயர் கொடுத்துவிட்டுப் பந்தலில் காத்திருக்க வேண்டும். முன்னால் நடந்த ஈட்டி எறிதல் முடிகிற வழியாக இல்லை. ஃபேன் ஓடியது. எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார்கள். தெய்வேந்திரன் தன் எறிதலைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவர் அதற்கும் கை தட்டினார்.

அந்தச் சத்தம் இசக்கிராஜை என்னவோ செய்தது. இதை எங்கே கேட்டோம்? பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. கல்லில் துள்ளிய தண்ணீர் ஞாபகம் வந்தது. ஒரு பரோட்டா கூட விழவில்லையே என்று கத்தியது யார்? அவரேதான்.

நாற்காலியை விட்டு எழுந்தார். பந்தலின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். நின்று நாலு தடவை உட்கார்ந்து எழுந்தார். கையை வீசினார். மறுபடி நடந்தார். ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி, கூப்பிட நேரமாகும்" என்றார் ஒருவர்.

"ஆறிரும்" என்றார் இசக்கிராஜ்.

பெயர் கூப்பிட்டதும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வட்டத்துக்குள் நுழைந்தார். குண்டைக் கழுத்தோரம் வைத்தார். உடம்பு வழுக்கிக்கொண்டு போனது. கை கேட்டதைவிடக் கூடக் கொடுத்தது. குண்டு விழுந்த இடத்தை நோக்கி டேப்பை இழுத்துக்கொண்டு ஓடிய ஆள் போய்க்கொண்டே இருந்தார். எந்த மைதானத்திலும் இசக்கிராஜ் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை. எறியும்போது அவர் போட்ட சத்தம் ஈட்டிக்காரர்கள் வரைக்கும் கேட்டது.

தெய்வேந்திரனும் விடவில்லை. முதல் எறிதல் கனத்து விழுந்தது, அடுத்தது கால் வட்டத்தைத் தாண்டியதால் வீணானது. கடைசி ஒன்று நல்ல எறிதல்தான், ஆனாலும் ஒரு முழம் குறைந்தது. அவரே நேரே வந்து இசக்கிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத எங்க அண்ணாச்சி ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கோவில்பட்டி ஆட்கள் விசிலடித்தார்கள். கேலரியே எழுந்து நின்று தட்டியது. டீச்சர் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

பனியனைக் கொடுத்தார்கள். இசக்கிராஜ் அங்கேயே போட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேலரிப் படி ஏறினார். கோவில்பட்டியே பின்னால் நடந்து வருகிற மாதிரி இருந்தது அவருக்கு. பழைய பனியனும் புதுப் பனியனும் எதிரெதிரே நின்றன.

"மைதானமே தட்டுச்சு. காஞ்ச கல்லுக்கு அந்தத் தட்டு தட்டுனீங்க. இதுக்கு ஒரு தட்டு கூடத் தட்டலையே டீச்சர்?"

டீச்சர் புதுப் பனியனில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"அன்னைக்குக் கை சும்மா இருந்துச்சு, தட்டினேன். இன்னைக்குப் பரோட்டா விழுந்துட்டு, சாப்பிட்டுக்கிட்டுல்லா இருந்தேன் மாஸ்டர். சாப்பிடுற கையால எப்படித் தட்ட?"